சம்பளத்தை ஈடு வைத்துச் சுயதொழில்

சுயதொழில் பற்றிப் பேசாத கூட்டம் இன்று கிராமத்திலும் இல்லை, தோட்டத்திலும் இல்லை. பசு வளர்க்கலாம், கோழி வளர்க்கலாம், தையல் நிலையம் போடலாம், சில்லறைக் கடை திறக்கலாம் என்று ஆலோசனைகள் தாராளமாகவே வருகின்றன. கூட்டம் முடியும் தறுவாயில் யாராவது ஒருவர் எழுந்து, "எல்லாம் சரி, முதலுக்கு எங்கே போவது?" என்று கேட்பார். சில காலமாக இந்தக் கேள்விக்கு ஆயத்தமான ஒரு பதில் கிடைத்துவிடுகிறது. வீட்டில் ஒருவருக்கு மாதச் சம்பளம் வருகிறதல்லவா, அதன் மேல் கடன் எடுங்கள் என்பதே அந்தப் பதில். இதை எமது வாசகர்களோடு சற்று ஆற அமர இருந்து சிந்திக்க விரும்புகிறோம்.

சம்பளக் கடன் என்று நாம் இங்கே குறிப்பிடுவது, பணம் கைக்கு வருமுன்பே தவணை சம்பளத்தில் கழிக்கப்படும் கடன்களையாகும். இது பல உருவங்களில் உண்டு. அரசாங்க ஊழியர்களுக்குரிய இடர் கடன் ஒன்று. பத்து மாதச் சம்பளம் வரை, ஓர் உச்ச எல்லைக்கு உட்பட்டு, ஆண்டுக்கு 4.2 வீத வட்டியில் நீண்ட காலமாக வழங்கப்பட்டு வந்த கடன் இது. சம்பளம் எந்த வங்கிக்குப் போகிறதோ அந்த வங்கி கொடுக்கும் தனியாள் கடன் இன்னொன்று. ஆசிரியர்களும் ஏனைய ஊழியர்களும் தமது சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களில் எடுக்கும் கடனும் இவ்வகையைச் சேர்ந்ததே. மலையகத் தோட்டங்களில் செக்ரோல் மூலம் கழிக்கப்படும் தீபாவளி முற்பணமும், வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கக் கடன்களும் எல்லோருக்கும் தெரிந்தவை.

இக்கடனை நாம் எடுத்த எடுப்பிலேயே குறைகூறப் போவதில்லை. லயத்து அறையில் குடியிருப்பவருக்கு வங்கியில் காட்டக் காணி உறுதி இல்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து மீண்டும் குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு உறுதி இருந்தும் அதில் ஏதோ ஒரு சிக்கல். இத்தகைய வீடுகளில் ஈடு வைக்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: மாதம் தவறாமல் வரும் சம்பளம். வட்டியும் ஒப்பீட்டளவில் குறைவு. வாராவாரம் வீட்டு வாசலில் வந்து நின்று தவணை கேட்கும் நிதிக் கம்பனியின் ஆளும் இல்லை. அந்த ஆட்களால் பெண்கள் பட்ட பாட்டை நாடறியும். 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், தவணை தவறியிருந்த பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. அதனோடு ஒப்பிட்டால் சம்பளக் கடன் எவ்வளவோ மேல் என்பதை நாமும் ஏற்றுக்கொள்கிறோம்.

ஆனால், வீட்டுக்குக் கூரை போட எடுக்கும் சம்பளக் கடனுக்கும் தொழில் தொடங்க எடுக்கும் சம்பளக் கடனுக்கும் இடையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

தவணையைக் கட்டுவது எது?

ஒரு வியாபாரி தன் கடையைக் காட்டி வங்கியில் கடன் கேட்டால், முகாமையாளர் கடையைப் பற்றித்தான் கேட்பார். மாதம் எவ்வளவு விற்கிறது, கொள்முதல் எங்கே, கடனுக்கு எவ்வளவு போகிறது, பக்கத்தில் வேறு கடை உண்டா என்றெல்லாம் துருவுவார். கேள்விகள் எரிச்சலூட்டினாலும் அவற்றில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. தொழில் தாங்காது என்று தோன்றினால் கடன் கிடைக்காது. சம்பளக் கடனில் இக்கேள்விகள் எவையும் இல்லை. சம்பளச் சிட்டைகள், இரண்டு பிணையாளர்கள், அலுவலகத் தலைவரின் கடிதம், அவ்வளவுதான். விண்ணப்பப் பத்திரத்தில் 'கடனின் நோக்கம்' என்றொரு வரி இருக்கும். தொழிலுக்கு எடுப்பவர்களில் சிலர் அதிலும் 'வீடு திருத்துதல்' என்றே எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் கரைச்சல் இல்லை என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

கடன் கொடுப்பவருக்கு அது பெரிய விடயமும் அல்ல. தவணையைக் கட்டப்போவது சம்பளம். தொழில் இலாபம் தந்தாலும், நட்டப்பட்டாலும், தொடங்கப்படாமலே போனாலும் சம்பளத்தில் கழிவு நடந்துகொண்டேயிருக்கும். ஆகவே, 'இந்தத் தொழில் இலாபம் தருமா?' என்ற கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். தொழிலிலிருந்து ஒரு சதமும் வராத மாதங்களில், குறைந்துபோன சம்பளத்தை வைத்துக்கொண்டு இந்த வீட்டு அடுப்பு எரியுமா?

தொழில் கைவிட்டுப்போன வீடுகளில் நாம் உட்கார்ந்து பேசும்போது, 'தொழில் பிழைத்துவிட்டது' என்று சொல்பவர்களை விட, 'இடையில் கையில் காசில்லாமல் போய்விட்டது, அதனால் விற்றோம்' என்று சொல்பவர்களையே அதிகம் சந்திக்கிறோம். நல்ல பசுவை விற்றிருக்கிறார்கள். நன்றாக ஓடிய தையல் இயந்திரத்தை விற்றிருக்கிறார்கள். விற்ற பின்பும் தவணை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பசுவுக்கு வற்றுக் காலம் உண்டு, தவணைக்கு இல்லை

பசுவையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மலையகத் தொழிலாளர் குடும்பங்கள் காலங்காலமாகச் செய்துவரும் பக்கத் தொழில் இது. லயத்துக்குப் பின்னால் தொழுவம், தேயிலை மலையின் ஓரங்களிலும் ஓடைக் கரைகளிலும் அறுத்துவரும் புல், விடியற்காலையில் பால் சேகரிக்கும் இடத்தில் கேனோடு வரிசை. கைப்பழக்கம் உள்ள தொழில் என்பதால் நம்பி இறங்கலாம்.

இரண்டு வருடத் தவணையில் கடன் எடுத்து, மூன்று மாதத்தில் கன்று ஈனப்போகும் சினைப்பசு ஒன்றை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் மூன்று மாதம் பால் இல்லை. ஆனால் புல்லோடு தீவனமும் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கன்று ஈன்ற பின் பால் ஏறாது. நான்காம் மாதம் தொடங்கி ஏறக்குறைய பத்து மாதம் கறக்கலாம். அதிலும் முதல் சில வாரங்களுக்குப் பின் ஏறி நிற்கும் பால், பிறகு படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். காளைக்கு விட்டதோ, செயற்கைமுறைச் சினைப்படுத்தலோ முதல் தடவையிலேயே பிடித்துவிட்டால் நல்லது. பிடிக்காவிட்டால் மூன்று வாரம் காத்திருந்து மறுபடியும் பார்க்க வேண்டும். சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்றுக் கூட. இரண்டு ஈற்றுக்கும் இடையில் பதினான்கு மாதம் என்று கணக்கிட்டால், பதினான்காம் மாதம் முதல் பதினேழாம் மாதம் வரை மீண்டும் பால் இல்லை. இரண்டு வருடத்தில் ஏழு மாதம் பசு ஒன்றும் தராது. இருபத்துநான்கு மாதமும் தவணை கழியும்.

மடிநோய் வந்தால், சினை தங்காவிட்டால், பாலில் கொழுப்பும் ஏனைய திண்மமும் குறைந்து விலை இறங்கினால் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். அவற்றை இங்கே சேர்க்கவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஏழு மாதம் சும்மா போகும் என்பதைத்தான் சொல்ல வந்தோம். இதைப் பசு வளர்த்துப் பழகிய எந்தத் தாயும் விரல் விட்டு எண்ணிச் சொல்வார். ஆனால் கடன் எடுக்கும் நாளில் அந்தக் கணக்கை அவரிடம் யாரும் கேட்பதில்லை. இரண்டாவது ஈற்று வரை தாக்குப்பிடித்த வீடுகளில் ஒரு கிடேரிக் கன்றும் வளர்ந்து நிற்பதைக் காண்கிறோம். உண்மையான முதல் அதுதான். அதுவரை தாக்குப்பிடிப்பதுதான் பிரச்சினை.

மரக்கறிச் செய்கைக்கு இந்த இடைவெளி மூன்று, நான்கு மாதம். கோழிக்குஞ்சுக்கு ஏறக்குறைய ஆறு வாரம், முட்டைக்கென்றால் ஐந்து மாதத்துக்கு மேல். தையல் இயந்திரத்துக்கு வாடிக்கைக்காரர் வரும் வரை. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வெறுங்கைக் காலம் இருக்கிறது.

நாட்சம்பளமும் மாதத் தவணையும்

ஆசிரியருடைய சம்பளமும் தோட்டத் தொழிலாளியின் சம்பளமும் ஒன்றல்ல. ஆசிரியருக்கு மாதம் இவ்வளவு என்று நிச்சயம். தோட்டத்தில் பேர் விழுந்த நாளுக்குத்தான் காசு. கொழுந்து குறைந்தால் பேரும் குறையும். நிர்ணயித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். ஹற்றன், நுவரெலியாப் பக்கத்தில் தை, மாசிப் பனியும் வெயிலும், ஊவாப் பக்கத்தில் ஆடி, ஆவணிக் காய்ச்சலும் கொழுந்தைக் குறைத்துவிடும். தவணை மாத்திரம் மாதச் சம்பளக்காரருக்குப் போலவே ஒரே தொகையாக நிற்கும்.

2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை ஊடாகத் தேயிலைத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. அதைக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது நாள் வேலைக்கு 27,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு வீதம், அதாவது 2,160 ரூபா கழியும். தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா, கோயில் சந்தா, தேயிலைத்தூள் என்று 2,500 ரூபா போவதாகக் கொள்வோம். மிச்சம் 22,340. ஒரு இலட்சம் ரூபாவை, குறைந்துசெல்லும் மீதிக்கு 12 வீத வட்டியில், இரண்டு வருடத்துக்கு எடுத்திருந்தால் மாதத் தவணை 4,707 ரூபா. கைக்கு வருவது 17,633.

இது நல்ல மாதத்துக் கணக்கு. பதினான்கு நாள்தான் பேர் விழுந்தது என்றால்? சம்பளம் 18,900, சேமலாப நிதிக்கு 1,512, மற்றக் கழிவுகள் அதே 2,500, தவணை அதே 4,707. கையில் 10,181 ரூபா. ஆறு நாள் வேலை குறைந்தது, அதாவது சம்பளத்தில் பத்துக்கு மூன்று பங்கு குறைந்தது. கைக்காசில் குறைந்ததோ பத்துக்கு நான்கு பங்குக்கும் மேல். கழிவுகள் மாறாமல் நிற்கும்போது குறைவு முழுவதும் அடுப்படியில்தான் விழும். கடையில் கொப்பிக் கடன், பிறகு நகை அடகு, பிறகு பசுவுக்குத் தீவனம் இல்லை, பாலும் இல்லை.

ஆகவே தோட்டத் தொழிலாளி ஒருவர் கடன் எடுக்கும்போது, நல்ல மாதச் சிட்டையைப் பார்க்காமல் கடந்த வருடத்தின் ஆகக் குறைந்த மாதச் சிட்டையைப் பார்த்துத் தொகையைத் தீர்மானிக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். சிட்டைகளை அடுப்பு மூட்டப் பயன்படுத்தாமல் சேர்த்து வையுங்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

சேமலாப நிதியிலிருந்து தொழிலுக்குப் பணம் எடுக்கலாமா என்றும் பலர் எம்மிடம் கேட்கிறார்கள். 2012இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, வேலையில் இருக்கும்போதே நிதியின் 30 வீதத்தை எடுக்க வழி உண்டு. பத்து வருடச் சேவையும் குறைந்தது மூன்று இலட்சம் ரூபா மீதியும் இருக்க வேண்டும். ஆனால் அது வீட்டுத் தேவைக்கும் வைத்தியச் செலவுக்கும் மட்டுமே. தொழிலுக்கு இல்லை. எடுத்துத் தருகிறோம் என்று கூறிக் கடிதம் தயாரித்துக் கொடுக்கும் தரகர்களிடம் போகாதீர்கள்.

கடன் யாருடைய பேரில்?

இவ்விடயத்தில் நாம் தயக்கமின்றிப் பேச வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் நிரந்தரமாகப் பேர் பதிந்து வேலை செய்பவர்களில் கொழுந்து பறிக்கும் பெண்களே அதிகம். எனவே செக்ரோல் கடனும் அவர்கள் பேரிலேயே எடுக்கப்படுகிறது. தொழிலைத் தெரிவு செய்பவரோ பல வீடுகளில் கணவர், அல்லது மகன். முச்சக்கர வண்டிக்கு லீசிங் கம்பனி கேட்கும் முற்பணத்தைத் தாயின் சம்பளத்தின் மேல் எடுத்துக் கட்டிவிட்டு, மீதியை லீசிங்கில் வைக்கிறார்கள். ஒரு வண்டிக்கு இரண்டு கடன். மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஒரு தாய் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: "கடன் எம் பேருல இருக்கு சிஸ்டர், ஆட்டோ அவரு பேருல இருக்கு."

2022ஆம் ஆண்டு இத்தகைய வீடுகளுக்கு என்ன நடந்தது என்பதை நாம் மறக்கவில்லை. எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்கில் நின்ற பிறகு, கியூஆர் முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு முதலில் கிடைத்தது வாரத்துக்கு ஐந்து லீற்றர். ஐந்து லீற்றரில் ஓடும் ஓட்டத்தைக் கொண்டு லீசிங் கட்ட முடியாது. வண்டி ஓடவில்லை என்பதற்காகத் தாயின் செக்ரோலில் கழிவு நிற்கவும் இல்லை. அந்த வருடம் ஏப்ரலில் மத்திய வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வீதத்தை ஒரே தடவையில் 7.5 இலிருந்து 14.5 வீதத்துக்கு உயர்த்தியது. வட்டி மாறக்கூடியது என்ற நிபந்தனையோடு கடன் எடுத்திருந்த மாதச் சம்பளக்காரர்களும் அப்போதுதான் தமது ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துக்களை வாசித்தார்கள். அதற்கு முந்திய வருடம், 2021 மே மாதத்தில், இரசாயன உரத் தடை வந்தது. உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் என்று கடன் எடுத்தவர்களும் அதே நிலைக்கு ஆளானார்கள்.

இவை எவரும் எதிர்பார்க்காத இடர்கள்தாம். ஆனாலும் இடர் வரும்போது, தொழில் செய்பவரும் தவணை கட்டுபவரும் ஒரே ஆளாக இருந்தால் அவர் தன் முடிவின் பாரத்தைத் தானே சுமக்கிறார். வேறு வேறு ஆட்களாக இருந்தால் முடிவு ஒருவருடையது, பாரம் இன்னொருவருடையது. மனைவியின் சம்பளத்தில் எடுத்த பணத்தில் வாங்கிய பசுவோ, இயந்திரமோ, வண்டியோ அவர் பேரில் அல்லது இருவர் பேரிலும் எழுதப்பட வேண்டும் என்று எமது சங்கங்கள் சிலவற்றில் பெண்கள் ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். ஆண்கள் சிலர் முகம் சுளித்தார்கள். விதி அப்படியே இருக்கிறது.

பழைய துண்டு

மலையகத்தில் சம்பளமும் கடனும் பின்னிக் கிடந்த கதை புதியதல்ல. தென்னிந்தியாவிலிருந்து கங்காணி கூட்டி வரும்போதே வழிச்செலவும் முற்பணமும் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறிவிடும். ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரை ஒரு 'துண்டு' எழுதிக் கொடுப்பார். இவ்வளவு தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்பது அதன் சாரம். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, கைமாறும். இந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

இன்றைய சம்பளக் கடனை அதற்குச் சமன் என்று சொல்வது நியாயமல்ல. இன்று தொழிலாளி தானே கேட்டு, கையொப்பமிட்டு எடுக்கிறார். எனினும் ஒரு சாயல் இருக்கத்தான் செய்கிறது. கழிவு முடியும் வரை வேலையை விட முடியாது. உடல் முடியாவிட்டாலும் மலைக்குப் போக வேண்டும். தொழில் நன்றாக வந்து, அதையே முழுநேரமாகச் செய்யலாம் என்ற நிலை வந்தாலும், கடன் அவரைச் சம்பளத்தோடு கட்டி வைத்திருக்கிறது. சொந்தக் காலில் நிற்பதற்கென்று எடுத்த கடன் இது!

மோசேயின் சட்டத்தில், இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தில், திரிகைக் கல்லை அடகாக வாங்கக் கூடாதென்று ஒரு விதி உண்டு. அன்றாட மாவை அரைக்கும் கல் போய்விட்டால் அந்த வீடு எப்படி உண்ணும் என்பதுதான் அதன் நியாயம். அதே அதிகாரத்திலேயே கூலியாளின் கூலியை அன்று பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்ற கட்டளையும் வருகிறது. இரண்டும் அருகருகே இருப்பது தற்செயலானது என்று நாம் நினைக்கவில்லை. எமது வீடுகளில் சம்பளந்தான் திரிகைக் கல்.

ஓடுவதாகத் தோன்றும் கடை

வடக்கிலும் கிழக்கிலும் நாம் காண்பது சற்று வித்தியாசமானது. அங்கே ஆசிரியர், எழுதுவினைஞர், தாதி போன்றோரின் சம்பளத்தின் மேல் கடன் எடுத்து, தம்பிக்கோ மைத்துனருக்கோ கடை போட்டுக் கொடுக்கிறார்கள். யுத்தத்துக்குப் பிறகு குடும்பத்தில் சம்பளம் வரும் ஒரே ஆள் அவர்தான் என்றால், கொடுக்காமல் இருக்கவும் மனம் வராது.

கடை திறக்கிறது, சாமான் நிறைகிறது, ஆட்கள் வருகிறார்கள். கடன் கொப்பியும் நிறைகிறது. ஆறு மாதம் கழித்துக் கேட்டால், "கடை ஓடுது" என்பார்கள். ஓடத்தான் செய்கிறது. அதன் முதலுக்குரிய தவணையை வேறு யாரோ கட்டிக்கொண்டிருப்பதால் அது ஓடுகிறது. அந்தத் தவணையையும் கடைக் கணக்கில் சேர்த்தால் ஒவ்வொரு மாதமும் நட்டம் என்பது முதல் மாதமே தெரிந்திருக்கும். மூன்று வருடம் சம்பளத்தில் கழிந்த பிறகு, தட்டுகள் வெறுமையாகி, "எங்கே போனது எண்டே தெரியேல்லை, சேர்" என்று அந்த ஆசிரியையே எம்மிடம் சொல்லும்போதுதான் உண்மை வெளியாகிறது.

வட்டிக்காரர் வாசலில் நின்றால் குறைந்தபட்சம் கடை நட்டத்தில் போகிறது என்பது ஊருக்காவது தெரியும். சம்பளக் கடன் சத்தமில்லாமல் கழிவதால் நட்டமும் சத்தமில்லாமல் நடக்கிறது. இந்தக் கடனின் ஆகப் பெரிய ஆபத்து வட்டியிலும் பார்க்க இதில்தான் என்பது எமது கருத்து.

இதற்கு ஒரு எளிய மருந்து உண்டு. சம்பளத்தில் கழியும் தவணைத் தொகையைத் தொழில் ஒவ்வொரு மாதமும் சம்பளக்காரருக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு வங்கிப் புத்தகம் வையுங்கள். பசு என்றால் 'பசுவின் புத்தகம்', கடை என்றால் 'கடையின் புத்தகம்'. வெறுங்கைக் காலத்தில் அதில் ஒன்றும் விழாது, அது எதிர்பார்த்ததே. அந்தக் காலம் முடிந்து மூன்று, நான்கு மாதமாகியும் தவணையின் பாதி கூட விழவில்லை என்றால், உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. இன்னும் சாமான் வாங்கினால் சரியாகிவிடும் என்று இரண்டாவது கடனுக்குப் போகிற நேரம் அல்ல அது. சகோதரருக்குள் கணக்கா என்று சிலருக்குக் கூச்சம் வரும். கணக்கில்லாமல் முறிந்த சகோதர உறவுகளை நாம் போதுமான அளவு பார்த்திருக்கிறோம்.

கடனுக்கு முன்னால் தவணை

ஜேர்மனியில் ரைபைசன் 1864இல் ஹெடஸ்டோர்ப் என்ற இடத்தில் தொடங்கிய கடன் சங்கமும், கனடாவின் லெவியில் டெஜார்டன் 1900இல் நிறுவிய மக்கள் வங்கியும் மக்களின் சொந்தச் சேமிப்பையும் ஒருவரையொருவர் அறிந்திருப்பதையும் அடித்தளமாகக் கொண்டவை. எமது நாட்டிலும் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கிய கடன் கூட்டுறவு, 1978க்குப் பின் சனச இயக்கமாகப் புத்துயிர் பெற்றபோது, பெயரிலேயே சிக்கனம் முன்னாலும் கடன் பின்னாலும் நிற்கிறது.

இதே ஒழுங்கைச் சம்பளக் கடனிலும் பின்பற்றலாம். ஒரு இலட்சம் எடுக்க நினைப்பவர், எடுப்பதற்கு முந்திய ஆறு மாதமும் அந்தத் தவணையை, நாம் மேலே சொன்ன 4,707 ரூபாவை, கடன் எடுத்துவிட்டதாகவே எண்ணிச் சம்பள நாளிலேயே சங்கத்திலோ தபாலகத்திலோ போட்டு வரட்டும். ஆறு மாதத்தில் 28,242 ரூபா சேர்ந்துவிடும். பிறகு 72,000 எடுத்தாலே போதும். அதே வட்டி, அதே இரண்டு வருடம் என்றால் தவணை ஏறக்குறைய 3,390 ரூபாவாக இறங்கும். ஆறு மாதமும் போட முடியாமல் இரண்டாம் மாதமே நின்றுபோனால், கடன் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது காசு செலவில்லாமல் தெரிந்துவிடும். கொழுந்து குறைந்த மாதங்கள் அந்த ஆறு மாதத்துக்குள் வரும்படி பார்த்துக்கொள்வது நல்லது. சீட்டுப் பிடித்துச் சேர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும், சீட்டுப் பிடிப்பவர் நம்பிக்கையானவராக இருந்தால்.

தொழிலையும் பாதியில் தொடங்கலாம். இரண்டு பசுவுக்குப் பதில் ஒன்று, கடை நிறையச் சாமானுக்குப் பதில் அன்றாடம் விற்றுத் தீரும் பத்துச் சாமான். முதலாவது கடன் முடிந்த பின் இரண்டாவது எடுப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை

'12 வீதம்' என்று சொன்னால், எதன் மேல் 12 வீதம் என்று கேளுங்கள். குறைந்துசெல்லும் மீதியின் மேல் என்றால், ஒரு இலட்சத்துக்கு இரண்டு வருடத்தில் நீங்கள் கட்டும் வட்டி 13,000 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. முழுத் தொகையின் மேலும் கடைசி வரை நிலையாக 12 வீதம் என்றால் வட்டி 24,000 ரூபா, தவணை 5,167. அதன் உண்மையான வீதம் ஏறக்குறைய 21.6. விளம்பரத்தில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும்.

வட்டி இடையில் மாறுமா, மாறினால் தவணை கூடுமா அல்லது மாதங்கள் கூடுமா என்று கேளுங்கள். கன்று விற்றோ நல்ல போகம் வந்தோ முன்கூட்டியே கட்டி முடித்தால் தண்டப்பணம் உண்டா என்று கேளுங்கள். கடனாளி இறந்தால் மீதியைக் காப்புறுதி கட்டுமா, குடும்பம் கட்டுமா என்று கேளுங்கள்.

பிணைக்கு நிற்பவரும் கேட்க வேண்டும். ஒரே பாடசாலையில் ஒருவருக்கு ஒருவர் சங்கிலிபோலப் பிணை நிற்பது எமது பகுதிகளில் சாதாரணம். ஒருவர் வெளிநாடு போய்விட்டாலோ வேலையை விட்டாலோ கழிவு பிணையாளரின் சம்பளத்துக்கு மாறும். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட கடன் தகவல் பணியகம், ஆட்கள் 'கிறிப்' என்று சொல்வது, தவறிய கடன்களின் பதிவைப் பேணுகிறது. நீங்கள் எடுக்காத கடனே உங்கள் அடுத்த கடனுக்குத் தடையாகக்கூடும். பிணை நின்றவருக்குப் பசுவின் புத்தகத்தையோ கடையின் புத்தகத்தையோ மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்டுவது அவருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

இக்கேள்விகளுக்குரிய பதில்களை வாயால் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எழுத்தில் கேட்டு வாங்கி, வருடத்தின் சம்பளச் சிட்டைகளோடு சேர்த்து ஒரே உறையில் வையுங்கள். தோட்டங்களில் இருப்பவர்கள், தீபாவளி முற்பணத்தின் கடைசித் தவணை எந்த மாதம் கழிகிறது என்பதை அந்த உறையின் மேலேயே எழுதிவிட்டு, புதிய கடனின் முதல் தவணை அதற்கு அடுத்த மாதத்தில் விழும்படி கேட்டுப் பாருங்கள்.